விசாரணைக்குத் தயாராக அவகாசம் வேண்டுமா? வாயால் மட்டும் கேட்காதீர்கள்

வாய்தா (வழக்கை வேறு தேதிக்குத் தள்ளிவைப்பது) என்றாலே வழக்கை இழுத்தடிக்கிற வேலை என்று பெயராகிவிட்டது. வசதி உள்ளவர்கள் அப்படித்தான் பயன்படுத்தினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கெட்ட பெயருக்கு அடி வாங்குகிறவர், குற்றப்பத்திரிகை நகல்கூட முழுதாகக் கிடைக்காமல் கோர்ட்டில் நிற்கிற மனிதர்.

2024 ஜூலை 1 முதல் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 346ஆம் பிரிவுதான் இதற்கான சட்டம் (பழைய சட்டத்தில் 309). கீழே வரும் பிரிவு எண்களும் இதே சட்டத்தில் உள்ளவைதான். சாட்சி விசாரணை தொடங்கினால் நாள்தோறும் நடக்க வேண்டும். உங்கள் கைமீறிய காரணம் இருந்தால், கோர்ட் எதிர்த்தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுதி, இரண்டு முறைக்கு மேல் போகாமல் தள்ளிவைக்கலாம். செலவுத்தொகை கட்டச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

"சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார்." ஜூனியர்கள் தினமும் சொல்வது இது. இது காரணமே ஆகாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பல நாள் நீதிபதி கண்டுகொள்ளாமல் தேதி கொடுத்துவிடுவதால் மக்கள் இதை நம்புகிறார்கள். சாட்சி வந்து நிற்கிற நாளில், உங்கள் வக்கீல் தயாராக இல்லையென்றால், குறுக்கு விசாரணை (எதிர்த்தரப்புச் சாட்சியை உங்கள் வக்கீல் கேள்வி கேட்பது) இல்லை என்று எழுதி சாட்சியை அனுப்பிவிட முடியும். "அடுத்த தேதி கொடுத்துட்டாங்க" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர், தன் வழக்கின் முக்கிய சாட்சி கைநழுவிப் போனதை மாதங்கள் கழித்துத் தெரிந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாட்சியைத் திரும்ப அழைக்க 348இன் கீழ் மனு போடலாம். அனுமதிப்பது நீதிபதி விருப்பம்.

அடுத்தது குற்றப்பத்திரிகையும் அதோடு சேர்ந்த ஆவணங்களும், அவற்றின் நகல். ஆஜரான 14 நாளுக்குள் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 230ஆம் பிரிவு. நடப்பது வேறு. பக்கம் குறையும், மருத்துவச் சான்றில் எழுத்தே தெரியாது. ஸ்டேஷனில் கேட்டால் கோர்ட்டுக்குப் போ என்பார்கள், கோர்ட்டில் கேட்டால் ஸ்டேஷன். "கையெழுத்து போடுங்க, மிச்சம் அப்புறம் வரும்" என்பார்கள். அப்படியே போட்டுவிடாதீர்கள். எத்தனை பக்கம் வந்தது, எது வரவில்லை என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட் வாரண்ட் வழக்கில் (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை வரக்கூடிய வழக்கு), விசாரணைக்கு முன்பே என்னை விடுவியுங்கள் என்று கேட்கும் விடுவிப்பு மனு போட 60 நாள்தான் அவகாசம்; நகல் கொடுத்த தேதியிலிருந்து அது ஓடும். அவகாசம் கேட்கும்போது உங்களிடம் இருக்கிற ஆதாரமும் அந்தக் கையெழுத்துத்தான். நகல் தருவது மாஜிஸ்திரேட்டின் கடமை, அதனால் விடுபட்டதை எழுத்து மனுவாக அங்கேயே கேளுங்கள்.

மனுவில் "தயாராக அவகாசம் தேவை" என்று ஒரு வரி எழுதினால் எடுபடாது. எந்த ஆவணம் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை பக்கம், எத்தனை நாள் வேண்டும் என்று எழுதுங்கள். ஒரே சம்பவத்துக்குப் பல சாட்சிகள் இருந்தால், மற்றவர்களின் முதல் விசாரணை (அழைத்த தரப்பே தன் சாட்சியைக் கேட்பது) முடியும்வரை இவருடைய குறுக்கு விசாரணையைத் தள்ளிவையுங்கள் என்றும் கேட்கலாம். இன்னொன்று, அவகாச மனு கொடுத்துவிட்டோமே என்று நீங்கள் வராமல் இருந்துவிடாதீர்கள். ஆஜராகாததற்கு 355ஆம் பிரிவில் தனி மனு போட வேண்டும். அது இல்லையென்றால் பிடிவாரண்ட்.

சிறையில் இருப்பவருக்குக் கணக்கே வேறு. ஒவ்வொரு வாய்தாவும் அவருக்கு உள்ளே கழியும் நாட்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவருக்கு இலவச வக்கீல் உண்டு. ஆனால் அன்றைக்கே நியமித்து அன்றைக்கே வழக்கை நடத்தச் சொன்னால்? குற்றச்சாட்டு வனைந்த (எந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று கோர்ட் முறைப்படி பதிவு செய்த) அதே நாளில் வக்கீலை நியமித்து, இரண்டு வாரத்துக்குள் தூக்குத் தண்டனை விதித்த ஒரு தீர்ப்பை 2019இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் அப்படி நியமிக்கப்படும் வக்கீலுக்குப் பொதுவாகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்றும் சொன்னது. மனுவில் இதைக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கோர்ட்டை விட்டு வரும்போது அடுத்த தேதியை மட்டும் கேட்காதீர்கள். இன்று வந்த சாட்சியின் குறுக்கு விசாரணை நிலுவை என்று எழுதினார்களா, இல்லை என்று எழுதினார்களா? அதை வக்கீலிடம் அன்றைக்கே கேளுங்கள்.