ஆர்.சி. கார் பாடிக்கு உள்பக்கமாகப் பெயின்ட் அடிப்பது ஏன்?

ரேடியோ கன்ட்ரோலில் ஓடும் ஆர்.சி. பொம்மைக் காரை, நாமே பூட்டிச் சேர்க்கும் கிட்டாக முதன்முதலாக வாங்குபவரைக் குழப்புவது பாடிதான். பெட்டியின் மேல் செக்கச்சிவந்த ரேஸ் கார் படம் இருக்கும். உள்ளே இருப்பதோ நிறமே இல்லாத, மறுபக்கம் அப்படியே தெரிகிற ஒரு மெல்லிய ஓடு. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. ஹாபிக்காரர்கள் இதை லெக்ஸான் பாடி என்பார்கள். இதற்கு நிறம் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. அதையும் உள்பக்கமாகத்தான் கொடுக்க வேண்டும்.

லெக்ஸான் என்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வைத்த வணிகப் பெயர். 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும், அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே இதை உருவாக்கினார்கள். சந்திரனில் நடந்த அப்பல்லோ வீரர்களின் தலையை மூடியிருந்த தெளிவான கவசமும் பாலிகார்பனேட்தான்.

இதன் மூலக்கூறுகள் நீளமான சங்கிலிகள். ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அடி விழும்போது அவை அறுவதற்கு முன்பே வழுக்கி நகர்ந்து கொடுக்கும். மோதலின் ஆற்றலில் பெரும்பங்கு அந்த நகர்விலேயே தீர்ந்துவிடும். சுவரில் முட்டிய கார் பாடி உள்வாங்கி, மறுபடி பழைய வடிவத்துக்கு வருவது இதனால்தான். அதே தடிமனுள்ள அக்ரிலிக் தகடு அந்த அடியில் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஆக, வளைந்து கொடுப்பதுதான் இந்த ஓட்டின் பிழைப்பு. நாம் பூசுவது, ஒட்டுவது எல்லாமே அந்தக் குணத்தைக் கெடுக்காததாக இருக்க வேண்டும்.

இவ்வளவு முரட்டுத்தனமான பொருளுக்கு மேற்பரப்பு மட்டும் மென்மை. மணலில் ஒரு உருட்டு உருண்டாலே கீறல் விழும். வெளியே பெயின்ட் அடித்தால் முதல் கீறலிலேயே அது உரிந்து போகும். உள்ளே அடித்தால் பிளாஸ்டிக்கே கவசம், பிளாஸ்டிக்கின் வழவழப்பே பளபளப்பு. தனியாக வார்னிஷ் எதுவும் தேவையில்லை. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்திலும் இதே உத்திதான்: கண்ணும் நகையும் முதலில், பின்னணி கடைசியில். கார் பாடியிலும் வேலை தலைகீழாகத்தான் நடக்கும். கோடு, எண், கறுப்புப் பட்டை என்று கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டியவை முதலில். அடர்நிறம் முந்தி, வெளிர்நிறம் பிந்தி. மஞ்சளை முதலில் அடித்துவிட்டு அதன்மேல் கறுப்புக் கோடு போட்டால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோடு மஞ்சளுக்குப் பின்னால் மறைந்துவிடும், மிஞ்சினால் மங்கலாகத்தான் தெரியும்.

எல்லா ஸ்ப்ரே டப்பாவும் இதற்கு ஆகிவிடாது. ஜப்பானின் டமியா நிறுவனம் பாலிகார்பனேட்டுக்கென்று பி.எஸ். வரிசையும், கெட்டி பிளாஸ்டிக் பாடிகளுக்கு டி.எஸ். வரிசையும் தனித்தனியாக விற்கிறது. பி.எஸ். பெயின்ட் மேற்பரப்பைச் சற்றே கவ்விப் பிடிக்கும், காய்ந்த பின்னும் ஓட்டோடு சேர்ந்து வளையும். டி.எஸ். அடித்தால் முதல் மோதலில் செதில் செதிலாகக் கொட்டும். அடிப்பதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பால் உள்பக்கத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். விரல் எண்ணெய் ஒட்டிய இடத்தில் எந்தப் பெயின்டும் நிற்காது.

எண்ணெய் போகட்டும் என்று அசிட்டோனிலோ தின்னரிலோ துடைப்பவர்கள் உண்டு. அதைவிடக் கெடுதல் வேறில்லை. பாலிகார்பனேட் இழுவிசையில் இருக்கும்போது கரைப்பான் பட்டால் மெல்லிய வெடிப்புகள் ஓடத் தொடங்கும். திருகு கழலாமல் இருக்கப் போடும் லாக் திரவமும் அதே வேலையைச் செய்யும். பெயின்டைக்கூடக் கனமாக ஒரே தடவையில் அடிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தூவல் போல மெல்லிய பூச்சு, காய விடு, மறுபடி. முதல் தூவலிலேயே, நிறம் படக் கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்பின் ஓரம் அடைபட்டுவிடுவதால், அடுத்த பூச்சு டேப்புக்கு அடியில் கசியாது. டேப் எங்கே வர வேண்டும் என்பதை ஓட்டின் வெளிப்புறப் பாதுகாப்புப் படலத்தின் மேல் மார்க்கரால் வரைந்துகொள்ளலாம். வேலை முடிந்து படலத்தை உரித்தால் கோடும் போய்விடும், தவறிப்போய் வெளியே படிந்த பெயின்டும் போய்விடும்.

இனி பலரும் கஞ்சத்தனம் காட்டும் இடம்: பின்பூச்சு. மெல்லிய சிவப்பு அடுக்கு ஒளி முழுவதையும் தடுக்காது. ஒரு பகுதி ஊடுருவிப் போய், உள்ளே இருக்கும் கறுப்புச் சேஸியில் (காரின் அடிச்சட்டத்தில்) விழுந்து காணாமல் போகும். கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கும்போது ஜொலித்த சிவப்பு, காரில் மாட்டியதும் பழைய செங்கல் நிறமாகி விடுவது இப்படித்தான். பின்னால் வெள்ளை அடித்தால் அந்த ஒளி திரும்பி வரும். ஃப்ளோரசன்ட் நிறங்களுக்கு வெள்ளை கட்டாயம். அவை வாங்கிய ஒளியை வேறு நிறமாக உமிழ்பவை, உமிழ்வதில் பாதி உள்நோக்கிப் போகும். வெள்ளைக்குப் பின்னால் ஒரு வெள்ளிப் பூச்சும் கொடுப்பது என் கட்சி. அலுமினியத் துகள்கள் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஒளியைத் தடுப்பதில் வெள்ளிக்கு நிகரில்லை. அதற்குப் பின் கறுப்பு அடித்தாலும் முன்னால் தெரியாது.

பெயின்ட் காய்ந்ததும் அடுத்த கவலை கிழிசல். இந்தப் பாடி வாக்குவம் ஃபார்மிங் முறையில் செய்யப்படுகிறது. சூடேற்றி இளக்கிய தகட்டை அச்சின்மேல் போட்டுக் காற்றை உறிஞ்சுவார்கள். கூரை தடிமனாக நின்றுவிடும். கடைசியாக இழுபட்டு இறங்கும் பம்பர் மூலைகளும் விளிம்புகளும் மெலிந்துபோகும். விபத்தில் முதலில் அடிபடுவதும் அவைதான்.

வெட்டும் விதமும் முக்கியம். 1913இல் இங்கிலீஷ் பொறியாளர் இங்லிஸ், தகட்டில் உள்ள துளையின் ஓரத்தில் விசை எப்படிக் குவிகிறது என்று கணக்கிட்டார். வட்டத் துளையென்றால் 3 மடங்கு. இழுவிசைக்குக் குறுக்கே, அகலத்தைப்போல் 10 மடங்கு நீண்ட நீள்வட்டமென்றால் 21 மடங்கு. கத்தரிக்கோல் கொஞ்சம் தாண்டி வெட்டிய ஒரு கூர்மூலை எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்தே தெரியும். ஆகவே சக்கரத்துக்கு மேலுள்ள வளைவான வீல் ஆர்ச்சை வளைந்த கத்தரிக்கோலால் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். பாடியைத் தாங்கும் கம்பங்கள் (பாடி போஸ்ட்) நுழையும் துளைகளுக்கு, துளையை வட்டமாகப் பெரிதாக்கும் ரீமர்தான் சரி, கத்தி முனையால் குடையக் கூடாது.

மெலிந்த மூலைகளுக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுக்கலாம். ஜிப்சம் பலகை இணைப்புகளில் ஒட்டுகிற கண்ணாடியிழை வலை டேப்பை மூலையில் ஒட்டி, அதன்மேல் ஷூ கூ என்ற செருப்பு ஒட்டும் பசை போன்ற ரப்பர்த்தன்மையுள்ள பசையை மெல்லியதாகப் பூச வேண்டும். விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் பசை விரலில் ஒட்டாமல் வலைக்குள் இறங்கும். இழை இழுப்பைத் தாங்கும், பசை கூடவே வளையும். இன்ஸ்டன்ட் பசை இந்த வேலைக்கு உதவாது. கெட்டியாக உறைந்து, அடுத்த மோதலில் தானும் உடைந்து பாடியையும் உடைக்கும்.

நைட்ரோ எஞ்சின் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று கூடுதல். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள் உள்பக்கம்தான் தெறிக்கும். எரிபொருளைத் தாங்கும் பின்பூச்சு இல்லையென்றால் பெயின்ட் ஊறி உரியும்.

இத்தனைக்கும் பிறகு விரிசல் வந்தே தீரும். வந்ததும் பாடியைத் தூக்கி எறிய வேண்டாம். விரிசல் முடிகிற நுனியைத் தேடி, அங்கே 2 மில்லிமீட்டர் துளை ஒன்று போட வேண்டும். கூர்நுனி வட்டமாகிவிடுவதால் குவியும் விசை பல மடங்கு குறையும், விரிசலின் ஓட்டமும் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். பிறகு உள்ளே வலையும் பசையும். துளை நுனியைத் தவறவிட்டால் பயனில்லை, எனவே டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்துவிட்டே டிரில்லை எடுக்க வேண்டும்.