பிரவுன்ஃபீல்டு: பழுப்பு நிலமா, ஐயநிலமா?

அமெரிக்க நகராட்சிச் செய்திகளைத் தமிழில் எழுதும்போது இடறிவிடும் தொடர் ஒன்று உண்டு: ‘பிரவுன்ஃபீல்டு அசெஸ்மென்ட் கிராண்ட்’. பழைய ஆலை இருந்த இடம் போன்றவற்றில் மாசு உண்டா என்று ஆராய அரசு தரும் பணம் அது. சொல்லுக்குச் சொல் போட்டால் ‘பழுப்பு நில மதிப்பீட்டு மானியம்’ என்று வரும். பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று சொல்லும் ஆளுக்கொரு பக்கம் நம்மை இழுத்துப் போய்விடுகின்றன.

முதலில் பிரவுன்ஃபீல்டு. மண்ணின் நிறத்தைச் சொல்வதல்ல இது. எதுவும் கட்டப்படாத புது இடம் கிரீன்ஃபீல்டு என்றால், முன்பே ஆலையோ கட்டடமோ இருந்த இடம் பிரவுன்ஃபீல்டு. பிரிட்டன் நகரமைப்பில் இன்றும் ஏறக்குறைய அந்தப் பொருள்தான். மாசு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

அமெரிக்காவில் பொருள் மாறியதற்கு 1980ஆம் ஆண்டின் சூப்பர்ஃபண்ட் சட்டம் ஒரு பெரிய காரணம். நச்சுக் கழிவை அகற்றும் பொறுப்பை, கொட்டியவரோடு நிறுத்தாமல், நிலத்தின் இப்போதைய உரிமையாளர் தலையிலும் அது வைத்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் பழைய ஆலை இடம் என்றாலே வாங்குபவர் பின்வாங்கினார், வங்கி கடன் தரத் தயங்கியது. மண் கெட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாமலேயே இடங்கள் பூட்டிக் கிடந்தன. 1993இல் ஒஹாயோ மாநிலத்தின் கயஹோகா மாவட்டத்தில், இப்படிக் கிடக்கும் இடங்களை மீட்பதற்கான முதல் முன்னோடித் திட்டம் தொடங்கியது. 2002இல் வந்த சட்டம் இந்தச் சொல்லுக்கு வரையறை தந்தது: மாசு இருப்பதாலோ, இருக்கக்கூடும் என்பதாலோ மறுபயன்பாடு சிக்கலாகும் நிலம்.

அந்த ‘இருக்கக்கூடும்’தான் சொல்லின் உயிர். ‘மாசடைந்த நிலம்’ என்று எழுதினால் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதியதாகிவிடும். ‘பாழ்நிலம்’ அதைவிட மோசம். ‘தரிசு’ உழவோடு பிறந்த சொல், ஆலையின் கதை அதில் இல்லை. அதனால் நான் ‘ஐயநிலம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். ஐயம் என்றால் பிச்சை என்றும் பொருள் இருப்பதால், முதல் தடவை ‘மாசு ஐயநிலம்’ என்று முழுதாக எழுதிவிடுவது நல்லது.

அடுத்து அசெஸ்மென்ட். நில மதிப்பீடு என்றதும் நமக்கு விலைதான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. முதற்கட்டத்தில் மண்வெட்டியே எடுப்பதில்லை. பழைய தீக்காப்பீட்டு வரைபடங்களை விரிக்கிறார்கள். இன்று வெறும் வாகன நிறுத்தமாக இருக்கும் இடத்தின் ஓரத்தில், பல பத்தாண்டுக்கு முந்தைய தாளில் ஒரு சின்ன வட்டம், பக்கத்தில் பெட்ரோல் தொட்டி என்ற குறிப்பு. அந்தத் தொட்டியை எடுத்தார்களா, மண்ணுக்குள்ளேயே விட்டார்களா? அப்புறம்தான் இரண்டாம் கட்டம். துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். சிறிய உலர்சலவைக் கடையின் கரைப்பான்கூட ஆழத்தில் இறங்கி நீரைக் கெடுத்திருக்கலாம். ஆகவே இது ‘மாசு ஆய்வு’.

மூன்றாவது கிராண்ட். ‘நில மானியம்’ என்று படித்தவுடன் அரசர் கொடுத்த இறையிலி நிலம்தான் கண்முன் வரும். அல்லது உரத்துக்குத் தரும் விலைச்சலுகை. குறிப்பிட்ட பணிக்கென்று கொடுத்து, திரும்பக் கேட்காத பொதுப்பணத்துக்கு ‘நல்கை’ என்ற அழகான சொல் கல்வித்துறையில் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நல்கையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உள்ளாட்சிகள், பழங்குடி அரசுகள், இலாபநோக்கற்ற அமைப்புகள் போன்றவற்றுக்குத் தருகிறது. தனியார் நிறுவனம் நேரடியாகக் கேட்க முடியாது. 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் பிரவுன்ஃபீல்டு திட்டத்துக்கு மட்டும் 150 கோடி டாலர் ஒதுக்கியது. ஆய்வுக்கு எதற்குப் பொதுப்பணம் என்று கேட்பவர்கள் உண்டு. கையைச் சுட்டுக்கொள்வோமோ என்று அஞ்சும் வாங்குபவர் தன் காசைப் போட்டுத் தோண்ட மாட்டார். ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவில் பூட்டிக் கிடக்கும் ஆலையை வேறு யார் போய்ப் பார்ப்பது? இந்தச் செலவு நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆக, முழுத்தொடர் ‘ஐயநில மாசு ஆய்வு நல்கை’. ஆய்வில் கெடுதல் தெரிந்தால் அன்றுமுதல் அதை ‘மாசு நிலம்’ என்று எழுதலாம். ஒன்றும் இல்லை என்று வந்தால் ‘ஐய’த்தை எடுத்துவிட்டு வெறும் ‘நிலம்’ என்று எழுதினால் போதும்.