ஐந்து கல்லூரிகள், ஒரு பயிலரங்கு, 20,000 டாலர்

கலை, அறிவியல் பாடங்களை இளங்கலை அளவில் கற்பிக்கும் அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் பெரும்பாலானவை 3,000 மாணவர்களைத் தாண்டாதவை. அரபு மொழிக்கோ புள்ளியியலுக்கோ பல இடங்களில் ஒரே ஓர் ஆசிரியர்தான் இருப்பார். பாடத்திட்டத்தை மாற்றலாம் என்று அவர் நினைத்தால், கலந்து பேச அதே துறையில் இன்னோர் ஆள் கிடையாது. பல கல்லூரிகளின் ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் பயிலரங்கு அவருக்கு எவ்வளவு பெரிய துணை என்பது இதிலேயே தெரியும். கார்ல்டன், கிரினெல், மக்காலஸ்டர் உள்ளிட்ட கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏ.சி.எம். 1958-இல் தொடங்கியது, ஓபர்லின், கென்யன், டெனிசன் இருக்கும் ஜி.எல்.சி.ஏ. 1962-இல். மெலன், டீகிள் போன்ற அறக்கட்டளைகள் இத்தகைய கூட்டு முயற்சிகளுக்கு நல்கை தந்திருக்கின்றன.

நல்கைக் கடிதம் வந்த நாளில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பயிலரங்குகள் சறுக்குவது அதற்குப் பிறகுதான். இரண்டரை நாள் நிகழ்ச்சிக்கு மட்டும் பட்ஜெட் போட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைக்குக் காசே ஒதுக்காமல் விடுவதுதான் முதல் காரணம்.

20,000 டாலர் நல்கைக்கு ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஐந்து கல்லூரிகள், கல்லூரிக்கு நான்கு பேர், மொத்தம் 20 பேர். நடத்தும் கல்லூரியின் நால்வர் போக 16 பேர் வெளியூர். அவர்களில் 12 பேர் மூன்று கார்களில் வருகிறார்கள். போக வர 400 மைல், 2025-இன் அமெரிக்க வருமான வரித்துறை விகிதப்படி மைலுக்கு 70 சென்ட். ஆக 840 டாலர். நால்வருக்கு விமானம், தலைக்கு 450 என்றால் 1,800. கோடையில் காலியாக இருக்கும் மாணவர் விடுதியில் இரண்டு இரவு, அறைக்கு 60 டாலர் வீதம் 1,920. சாப்பாடு ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 வீதம் 3,000. பங்கேற்பாளர் ஊதியம் 300 வீதம் 6,000. ஒருங்கிணைக்கும் இருவருக்கு ஆயிரம் ஆயிரம். வெளியிலிருந்து ஒரு வல்லுநர், பயணத்தோடு 1,500. பயிலரங்குக்குப் பிந்தைய வேலைக்குக் கல்லூரிக்கு 400 வீதம் 2,000. கூட்டினால் 19,060. மீதி 940 இருக்கிறதே என்று தோன்றும். இல்லை. ஆசிரியருக்குத் தரும் ஊதியம் சம்பளக் கணக்கில் சேரும். சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வகையில் கல்லூரி தன் பங்காக 7.65 சதவீதம் கட்ட வேண்டும். பங்கேற்பாளருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் தரும் 8,000-க்கு அது 612 டாலர். கையில் நிற்பது 328 தான்.

இந்த 612-ஐ மறந்துவிடுவது சர்வசாதாரணம். கணக்குப் பிரிவு அதைக் கண்டுபிடிக்கும்போது வெட்டு விழுவது பிந்தைய வேலைக்கான 2,000-த்தில். அந்தத் தொகைதான் பயிலரங்கின் உயிர் என்பது எங்கள் உறுதியான கருத்து. பெயர்பெற்ற பேச்சாளருக்கு 5,000 கொடுத்துவிட்டு இதை வெட்டுவதைவிட, பேச்சாளரே இல்லாமல் நடத்தலாம்.

அடுத்து, ஊதியத்தை யார் கொடுப்பது? நல்கைப் பணம் நடத்தும் கல்லூரியிடம் இருப்பதால், அங்கிருந்தே எல்லோருக்கும் காசோலை போட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். இங்கே தமிழ் வாசகர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். எச்-1பி என்னும் வேலை விசாவில் கற்பிப்பவர், தன் விசாவுக்கு விண்ணப்பித்த கல்லூரியிடமிருந்து மட்டுமே ஊதியம் பெறலாம். வேறொரு கல்லூரி தரும் 300 டாலரை வாங்கினாலும் அது அனுமதியற்ற வேலையாகக் கருதப்படும். பின்னாளில் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் தலைவலியாக வந்து நிற்கும். பயணச் செலவை ரசீதுக்கு ஈடாகத் திரும்பப் பெறுவதில் சிக்கல் இல்லை. எனவே ஊதியத் தொகையை அவரவர் கல்லூரிக்கு அனுப்பி, அங்குள்ள சம்பளப் பட்டியல் வழியாகக் கொடுக்கச் செய்வதே பாதுகாப்பு. ஐந்து இடங்களுக்குப் பணம் மாற்றுவது அலுப்பான வேலைதான். ஆனாலும் அழைப்புக் கடிதத்தோடே இதை எழுத்தில் முடித்துவிட வேண்டும். விசா நிலையை யாரும் சபையில் சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது.

இந்தியாவிலிருந்து வல்லுநரை அழைப்பதும் உண்டு. ஓபர்லினில் ஆசியக் கல்வித் தொடர்புகளைக் கவனிக்கும் ஷான்சி அமைப்புக்கு மதுரை அமெரிக்கன் கல்லூரியோடும் லேடி டோக் கல்லூரியோடும் நெடுநாள் தொடர்பு இருக்கிறது. பி-1 என்னும் குறுகிய காலப் பயண விசாவில் வருபவர் மதிப்பூதியம் வாங்கலாம்; ஆனால் ஒரே நிறுவனத்தில் ஒன்பது நாளுக்கு மேல் கூடாது, ஆறு மாதத்தில் ஐந்து நிறுவனங்களுக்கு மேல் வாங்கியிருக்கவும் கூடாது. அமெரிக்க வரி எண் இல்லையென்றால், வரி ஒப்பந்தச் சலுகை கிடைக்காமல் 30 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். ஆயிரம் என்று சொல்லி அழைத்துவிட்டு 700 கொடுப்பது விருந்தாளிக்குச் செய்யும் மரியாதை ஆகாது. முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தேதி குறிப்பதற்கும் பணத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கார்ல்டன், நாக்ஸ், லாரன்ஸ் கல்லூரிகளில் ஆண்டுக்கு மூன்று பருவம். ஜூன் தொடக்கம்வரை அங்கே வேலை ஓயாது. கொலராடோ கல்லூரியும் அயோவாவின் கார்னெல் கல்லூரியும் பிளாக் முறையில் நடக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே பாடம், மூன்றரை வாரத்தில், அதாவது 18 வகுப்பு நாளில் முடிந்துவிடும். நடுவில் மூன்று நாள் போய்வந்தால் பாடத்தில் ஆறில் ஒரு பங்கு போச்சு. ஆகக் கோடைதான் மிஞ்சுகிறது. அங்கே நிதியாண்டு காத்திருக்கிறது: பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஜூன் 30-இல் கணக்கு முடியும். ஜூன் 29-இல் தொடங்கி ஜூலை 1-இல் முடியும் பயிலரங்கின் ரசீதுகள் இரண்டு ஆண்டுகளில் சிதறும்; பழைய ஆண்டின் மீதியை எடுத்துச் செல்ல முடியாமலும் போகலாம். ஜூன் மூன்றாம் வாரத்தில் முடித்துவிடுங்கள், அல்லது ஜூலை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளுங்கள்.

கூட்டாட்சி அரசின் பணத்தை நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் என்.இ.எச். (மானுடவியல் துறைகளுக்கு நல்கை தரும் கூட்டாட்சி அமைப்பு) ஏராளமான நல்கைகளை நடுவழியில் ரத்து செய்தது. செலவழித்தபின் ஈடு கோரும் முறையில் வரும் பணமென்றால், திரும்பப் பெற முடியாத முன்பணம் எதையும் ஆறு மாதம் முன்னதாகவே கட்டிவிட வேண்டாம்.

நல்கை கோரும் புரபோசலோடு ஐந்து கல்லூரி டீன்களும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தம் இருக்கட்டும். பணத்தை யார் வைத்திருப்பது, ரசீது எத்தனை நாளில் வர வேண்டும் (30 நாள் போதும்), மிச்சப் பணம் யாருக்கு, ஒருங்கிணைப்பாளர் இடையில் விலகினால் யார் தொடர்வது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் எழுதுவதில்லை. ஒருங்கிணைப்பாளருக்கு ஓராண்டு ஆய்வு விடுப்பு கிடைத்துவிட்டால், மீதித் தொகை எந்தக் கணக்கில் இருக்கிறது என்று சொல்லக்கூட ஆள் இருக்காது.

பிந்தைய வேலைக்கான 400 டாலரை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். பயிலரங்கு முடிந்ததும் 200. மாற்றிய பாடத்திட்டத்தையோ ஒரு புதிய பயிற்சித்தாளையோ பொதுக் கோப்பில் ஏற்றியபின் மீதி 200. அக்டோபர் நடுவில் இணையவழி ஒன்றரை மணி நேரச் சந்திப்பு ஒன்று வேண்டும். அதன் தேதியை, எல்லோரும் ஊருக்குக் கிளம்பும் முன், கடைசி நாள் காலைச் சிற்றுண்டி மேசையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்னஞ்சலில் 20 பேருக்கும் ஒத்துவரும் நாளைத் தேடினால் டிசம்பர் வந்துவிடும்.