வியர்வை நின்றுவிட்டது என்று கிளினிக்கை நிறுத்தாதீர்கள்

இதயத்தில் ஓட்டையுள்ள பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவராமல் விட்டவர்கள் சொல்லும் காரணங்களில் பலவற்றுக்கு என்னிடம் பதில் கிடையாது. தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது, சம்பளமும் இல்லை. மலையிறங்கி ரோட்டுக்கு வந்தால் பஸ் போயிருக்கும். தாய் வெளிநாட்டில், தகப்பன் கொழும்பில் கடையில், பிள்ளை அம்மாயியிடம், அதாவது தாயின் தாயிடம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு காரணத்தைக் கேட்டால் மட்டும் என்னால் பொறுமையாக இருக்க முடிவதில்லை. "பிள்ளை தேறிவிட்டது, அதனால்தான் வரவில்லை."

மலையகத்து ஆதார வைத்தியசாலை ஒன்றின் சிறுவர் பிரிவில் இருக்கிறேன். இந்த வாக்கியத்தை இந்த மாதமும் கேட்டேன். பையனுக்கு 9 வயது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நான்காம் வகுப்பில் நடக்கும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பிடிபட்டு வந்தவன். முதலாம் வகுப்பிலும் அதே பரிசோதனை உண்டு. அன்று அவன் பள்ளிக்குப் போகவில்லையாம். தகப்பன் ஒரு பொலித்தீன் பையிலிருந்து மடித்து மடித்து ஓரம் கிழிந்த பழைய எக்கோ (இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் பரிசோதனை) அறிக்கையை எடுத்து நீட்டினார். ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது எடுத்தது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை, சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்கு அனுப்பவும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

"அப்போது பால் குடிக்கவே மாட்டான் டொக்டர். மூச்சு வாங்கும், தலை நனைந்துபோகும். மருந்து கொடுத்தோம், நேர்த்தி வைத்தோம். ஒன்றரை வயதுக்குப் பிறகு எல்லாம் நின்றுவிட்டது. நன்றாகச் சாப்பிட்டான்."

நான் பையனின் கையை வாங்கிப் பார்த்தேன். விரல் நுனிகள் உருண்டு பருத்திருந்தன. நகங்கள் குவிந்து புடைத்து, அடியில் நாவற்பழம் தின்ற கறை மாதிரி ஒரு நீலம். ஒக்சிசன் அளக்கும் கருவியை விரலில் மாட்டினால் 95க்கு மேல் வர வேண்டிய இடத்தில் 82 வந்தது. கருவி பழுதோ என்று தகப்பன் தன் விரலை நீட்டினார். அவருக்கு 97.

ஏன் தேறினான் என்பதைத்தான் நான் ஒவ்வொரு பெற்றோருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் விளக்குகிறேன். அவசரமாக வாசிப்பவர்கள்கூட இந்தப் பகுதியை மட்டும் நிதானமாக வாசியுங்கள்.

இதயத்தின் இடதுபக்க அழுத்தம் அதிகம், வலதுபக்கம் குறைவு. நடுச்சுவரில் பெரிய ஓட்டை இருந்தால், உடம்புக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு வலதுபக்கம் பாய்ந்து நுரையீரலுக்குள் போய் நிறைகிறது. குழந்தைக்கு மூச்சு வாங்குவதும், பால் குடிக்க முடியாமல் களைப்பதும், வியர்ப்பதும், நெஞ்சுச் சளி மாறி மாறி வருவதும் இதனால்தான். அந்த வெள்ளத்தை மாதக்கணக்காகத் தாங்கும் நுரையீரல் இரத்தக் குழாய்கள் சும்மா இருப்பதில்லை. தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை காய்த்துப்போவதைப் போல அவையும் தடித்து, உள்வழி சுருங்கி, இறுகிவிடுகின்றன. வழி இறுகியதும் நுரையீரலுக்குள் பாய்ந்த இரத்தம் குறைகிறது. மூச்சு வாங்குவது நிற்கிறது. வியர்வை நிற்கிறது. பிள்ளை சாப்பிடுகிறது, எடையும் கொஞ்சம் கூடுகிறது. வீட்டில் பொங்கல் வைக்கிறார்கள்.

இதயத்துக்குள் ஓட்டை அப்படியேதான் இருக்கிறது. நுரையீரல்தான் கெட்டுவிட்டது.

சில ஆண்டுகளில் வலதுபக்க அழுத்தம் இடதுபக்கத்தை மிஞ்சும்போது இரத்தம் எதிர்த்திசையில் திரும்புகிறது. ஒக்சிசன் ஏறாத இரத்தம் நேராக உடம்புக்குள் போகிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. "இப்போதாவது மூடிவிடுங்கள் டொக்டர்" என்று அந்தத் தகப்பனும் கேட்டார். மூட முடியாது. இறுகிய நுரையீரலை எதிர்த்துத் தள்ள முடியாத வலதுபக்கத்துக்கு இப்போது அந்த ஓட்டைதான் போக்கிடம். அதை அடைத்தால் இதயம் நின்றுவிடும். இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தும் கதீட்டர் பரிசோதனையில் அழுத்தத்தை அளந்து பார்த்துத்தான் கொழும்பில் முடிவாகச் சொல்வார்கள். அனுப்பியிருக்கிறேன். இனி மாத்திரைகளோடு எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்றுதான் பார்க்க வேண்டிவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் வயதிலேயே செய்திருந்தால், இன்று அவன் மற்றப் பிள்ளைகளோடு பந்தடித்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு கொடுமையும் இதில் உண்டு. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் அந்தக் கூடுதல் சத்தம் சிறிய ஓட்டைக்குத்தான் பெரிதாகக் கேட்கும். நுரையீரல் கெடக்கெட சத்தமும் அடங்கிவிடும். இடையில் எங்கோ ஒருவர் காது வைத்துக் கேட்டு, "சத்தம் குறைந்திருக்கிறது" என்று சொல்லிவிட்டால், வீட்டார் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு எக்கோ எடுக்காமல் வீடு திரும்பாதீர்கள்.

எல்லா ஓட்டைக்கும் சத்திரசிகிச்சை வேண்டுமா? வேண்டாம். நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்று ஏதோவொரு இதயக் குறையோடு பிறக்கிறது. அவற்றில் சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிள்ளைக்குத் தானாக மூடியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் ஓட்டை வேறு, உங்கள் பிள்ளையின் ஓட்டை வேறு. எது மூடும், எது மூடாது என்பதை எக்கோதான் சொல்லும். மாமியார் சொல்ல முடியாது, நானும் வெறுங்கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

மருந்தும் மூடாது. சிறுநீர் போகக் கொடுக்கும் அந்த மருந்து நுரையீரலில் தேங்குவதைக் குறைத்து, சத்திரசிகிச்சை நாள்வரை பிள்ளையைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது, அவ்வளவே. போத்தல் முடிந்தது, பிள்ளையும் நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"கொஞ்சம் உடம்பு தேறட்டும், பிறகு செய்யலாம்" என்பது அடுத்தது. சில நேரம் சத்திரசிகிச்சை நிபுணரே எடை கூடட்டும் என்பார்; அது அவர் நாள் குறித்துச் சொல்வது. நீங்களாகச் சொல்லக்கூடாது. பெரிய ஓட்டையோடு இருக்கும் குழந்தை உண்பதையெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவழிக்கிறது. சத்திரசிகிச்சை செய்தால்தான் எடை கூடும். வளர்ச்சி அட்டையில் கோடு படுத்துக் கிடக்கும்போது, வருவதற்கு இன்னும் என்ன அறிகுறி வேண்டும்?

பால் குடிக்கும் வயதில் கவனிக்க வேண்டியது இதுதான். நுவரெலியா மார்கழிக் குளிரில் நாம் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு இருக்கும்போது, பால் குடிக்கும் குழந்தையின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தால் அது சூடு அல்ல. இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு முலையை விட்டுவிட்டு மூச்சு வாங்கினால் அது சோம்பல் அல்ல. தூங்கும்போது ஒரு முழு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60ஐயும், ஒரு வயதுக்குள் 50ஐயும், அதன்பிறகு ஐந்து வயதுவரை 40ஐயும் எட்டினால் அன்றைக்கே காட்டுங்கள். லயத்துக் காம்பராவில் (அறையில்) விறகடுப்புப் புகை இருப்பதால் எந்த இருமலையும் புகையின் தலையில் போட்டுவிடுகிறோம், வைத்தியர்கள் உட்பட. ஒரே குழந்தைக்கு நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்தால், "இதயத்தையும் பார்த்தீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

டவுன் சின்ட்ரோம் என்னும் பிறவி மரபணுக் குறையுள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இதயக் குறை இருக்கும், அவர்களுக்கு நுரையீரலும் சீக்கிரமே இறுகும். "இந்தப் பிள்ளைக்குப் போய் ஒபரேஷனா?" என்று உறவினர் கேட்பார்கள். ஆம், இந்தப் பிள்ளைக்கும்தான்.

நீலம் பாயும் வேறொரு வகையும் உண்டு. அதில் பிள்ளை தொடக்கத்திலிருந்தே நீலமாக இருக்கும் அல்லது அழும்போது நீலமாகும். தேயிலை மலைப் படியில் ஏறிவிட்டுக் குந்தி உட்கார்ந்துகொள்ளும். அது விளையாட்டு அல்ல, பிள்ளை தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியம். திடீரென்று கடும் நீலம் பாய்ந்து மூச்சிரைத்தால், முழங்கால்களை நெஞ்சோடு மடித்து அணைத்துப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வாருங்கள். இந்த வகையையும் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம்.

தாய்மார்களைப் பற்றி ஒன்று. கிரகணத்தன்று வெளியே போனாள், கர்ப்பத்தில் மலையேறிக் கொழுந்து பறித்தாள், அதனால்தான் பிள்ளைக்கு ஓட்டை விழுந்தது என்று வார்டு வாசலிலேயே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இதயம் கருவில் உருவாகி முடிவது முதல் இரண்டு மாதங்களுக்குள். பல தாய்மாருக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது சரியாகத் தெரியாது. அவளை விடுங்கள். நேர்த்தியையும் நான் தடுக்கவில்லை. கதிர்காமத்துக்குப் போகும் பயணத்தைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையும் கூடவே நடந்து வரும். பெண்பிள்ளை என்றால் "நெஞ்சில் தழும்பிருந்தால் யார் கட்டுவார்கள்?" என்று கேட்கிறார்கள். இதற்கு நான் எழுத நினைக்கும் பதிலை இங்கே எழுத முடியாது.

இனிக் கொழும்பு. கொழும்பு என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை. அரசாங்க வைத்தியசாலையில் இந்தச் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது. இலட்சக்கணக்கில் வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் எங்களிடம் வந்து கேளுங்கள், காணியை அடகு வைக்காதீர்கள். பஸ் செலவும், சாப்பாடும், தகப்பன் தங்கும் இடமும், இழக்கும் சம்பளமும் இருக்கத்தான் செய்கின்றன, அவை சிறிய செலவும் அல்ல. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். அழைப்புத் தொலைபேசியில் வரும்; நம்பரை மாற்றினால் கிளினிக்கில் சொல்லுங்கள். பிள்ளை அம்மாயியிடம் வளர்கிறது என்றால், சத்திரசிகிச்சைக்குச் சம்மதித்துக் கையொப்பமிட யார் வரப்போகிறார் என்பதை இப்போதே தீர்த்துவையுங்கள். சத்திரசிகிச்சைக்கு முந்தின மாலை அதற்கு நேரமிராது.

போவதற்கு முன் பிள்ளையின் பல்லைப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறி இதயத்தில் உட்காரும். காய்ச்சலோ சளியோ இருந்தால் மறைக்காதீர்கள். நாள் தள்ளிப்போகுமே என்று மறைத்தால் மயக்க மருந்து கொடுக்கும்போது தெரிந்துவிடும், ஆபத்தாகவும் முடியும். பட்டினி என்று சொன்ன நேரத்துக்குப் பிறகு ஒரு வாய் பாலும் கூடாது. பிள்ளை அழுகிறதே என்று பாட்டி பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக் கொடுத்து, கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

விவரம் தெரிந்த பிள்ளையிடம் "ஊசி போடமாட்டார்கள்" என்று பொய் சொல்லாதீர்கள். முதல் ஊசியிலேயே அது உங்களை நம்புவதை நிறுத்திவிடும், மிச்ச நாளெல்லாம் யாரை நம்பும்? தூங்கவைப்பார்கள், எழும்பும்போது நெஞ்சு வலிக்கும், நான் பக்கத்தில் வருவேன் என்று சொல்லுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் முதல்முறை பார்க்கும்போது பிள்ளையின் முகம் வீங்கியிருக்கும், வாயில் குழாய், நெஞ்சிலிருந்து இரண்டு குழாய், சுற்றிலும் கத்தும் இயந்திரங்கள். பலர் அங்கேயே மயங்கி விழுகிறார்கள். அதற்கு ஒரு காரணம், காலையிலிருந்து தாய் ஒன்றும் சாப்பிட்டிருக்கமாட்டாள். தயவுசெய்து சாப்பிடுங்கள் அம்மா. இயந்திரம் கத்துவதெல்லாம் ஆபத்தும் அல்ல, தாதியின் முகத்தைப் பாருங்கள். அவர் ஓடாதவரை நீங்களும் பயப்பட வேண்டாம். கையைத் தொடலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஏறத்தாழ ஆறு வாரம், நெஞ்செலும்பு கூடும்வரை, அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தலைக்கும் இடுப்புக்கும் கீழே கைவைத்து அள்ளி எடுங்கள். தடுப்பூசிகளை எப்போது தொடர்வது என்று கேட்டுத் தொடருங்கள். அதன்பிறகு, வைத்தியர் சொன்ன நாளில் பள்ளிக்கு அனுப்புங்கள். "இதயப் பிள்ளை" என்று ஊரெல்லாம் சொல்லி, ஓடவிடாமல் மடியிலேயே வைத்திருக்காதீர்கள்.

இடையில் கிளினிக்கை விட்டவர்கள், திட்டு விழுமென்று பயந்துதான் திரும்பி வராமல் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். திட்டுவோம், இரண்டு நிமிடம். பிறகு எக்கோவுக்கு எழுதித் தருவோம். பழைய கடிதமும் அட்டையும் தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, வைத்தியசாலைப் பதிவில் தேடிக்கொள்ளலாம். எந்த நாள் வருவதென்று தெரியாவிட்டால் உங்கள் தோட்டத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பிள்ளை நன்றாக இருந்தாலும் கொண்டுவாருங்கள்.