மோன்ராஷே: பெயர் மண்ணுக்குச் சொந்தம்

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், புலீஞி, ஷசாஞ் என்ற இரண்டு கிராமங்களின் எல்லையில் கிழக்கும் தென்கிழக்கும் பார்த்த ஒரு சரிவு இருக்கிறது. பெயர் மோன்ராஷே, மொட்டைக் குன்று என்று பொருள். பரப்பு ஏறத்தாழ 8 ஹெக்டேர், அதாவது 20 ஏக்கர். உலகின் மிக உயர்ந்த வெள்ளை வைன்களில் ஒன்று இங்கே பிறக்கிறது.

இந்தப் பெயரை யார் போட்டுக்கொள்ளலாம் என்பதைச் சொல்வது 1937 ஜூலை 31 தேதியிட்ட அரசாணை. 1935இல் பிரான்ஸ் கொண்டுவந்த பிறப்பிடப் பெயர்க் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் அது வந்தது. நாம் புவிசார் குறியீடு என்று சொல்வதற்கு மூத்த உறவு என்றே அதைக் கருதலாம். எங்கோ விளைந்த வைன் பிரபலமான ஊரின் பெயரில் விலைபோன காலம் அது. உண்மையாக உழைத்த விவசாயி அதில் நசுங்கினார்.

உரிமை ஆளுக்குக் கிடையாது, நிலத்துக்கே. தோட்டத்தைப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். சில வரிசைக் கொடிகள் மட்டும் வைத்திருப்பவருக்கும் அதே பெயர் உண்டு; நிலத்தை விற்றால் பெயரும் கைமாறிவிடும். ஆனால் நிலம் இருந்தால் மட்டும் போதாது. திராட்சை ஷார்டொனேயாக இருக்க வேண்டும். நொதித்தால் குறைந்தது 12 சதவீதம் ஆல்கஹால் தரும் அளவுக்குப் பழத்தில் இனிப்பு ஏறியிருக்க வேண்டும். மகசூலின் அடிப்படை வரம்பு ஹெக்டேருக்கு 40 ஹெக்டோலிட்டர், அதாவது 4,000 லிட்டர். தோட்டம் முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 43,000 பாட்டில்கூடத் தேறாது.

எல்லையை இவ்வளவு கறாராகப் போட்டதற்கான காரணம் மண்ணில் இருக்கிறது. மேலே ஏறினால் ஷெவாலியே-மோன்ராஷே என்ற வேறொரு தோட்டம். அங்கே மண் மெல்லியது, கல் அதிகம். வைன் ஒல்லியாக, கூர்மையாக வரும். ஒரு குறுகிய சாலையைக் கடந்து கீழே இறங்கினால் பத்தார்-மோன்ராஷே. அங்கே களி கூடி மண் கனக்கிறது, வைனும் கனக்கிறது. நடுவில் உள்ள மோன்ராஷேயில் சுண்ணாம்புக் கல்லும் களியும் அளவாகக் கலந்திருக்கின்றன. பெய்த மழை தேங்காமல் வடிந்துவிடும். வேருக்கு வேண்டிய ஈரம் மட்டும் தங்கும். செழுமையும் கூர்மையும் ஒரே கோப்பையில் சேர்வதற்கு இந்த நடு இடம்தான் காரணம் என்பது என் உறுதியான எண்ணம். இளமையில் இறுகியிருக்கும் இந்த வைன், பத்து ஆண்டுகள் பொறுத்தால் தேனும் வாதுமையுமாக விரிகிறது. அவசரப்பட்டுத் திறப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1879இல் இரண்டு கிராமங்களுமே தங்கள் பெயரோடு மோன்ராஷேயை ஒட்டவைத்துக்கொண்டன. அதனால் லேபிளில் ‘புலீஞி-மோன்ராஷே’ என்று இருந்தால் அது அந்தக் கிராமத்து நிலத்தில் விளைந்த வைன். நல்லதாகவே இருக்கலாம், விலையும் பல மடங்கு குறைவு. ஆனால் அந்த 20 ஏக்கரில் விளைந்ததல்ல. கிராமப் பெயர் இல்லாமல் ‘மோன்ராஷே’ அல்லது ‘லே மோன்ராஷே’ என்றும், கூடவே ‘கிரான் க்ரூ’ (பர்கண்டித் தோட்டங்களில் மிக உயர்ந்த தரம்) என்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.