மதுவத் தொற்று: ஒரு சொல் விளக்கம்

பாமசியில் ஆளில்லாத வேளை பார்த்து, "வெள்ளை படுது, அதுக்கு ஒரு மருந்து தாங்கோ" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் பெண்ணை யாழ்ப்பாணத்தில் எவரும் கண்டிருப்பர். "வெள்ளைபடுதல்" என்பது நோயின் பெயரன்று; மாதவிடாய்ச் சுழற்சியோடு இயல்பாகக் கசியும் நீரையும், பல வேறு தொற்றுகளால் வரும் கசிவையும் அது ஒன்றாகவே சுட்டுகிறது.

அத்தொற்றுகளுள், யோனியில் அரிப்பும் வெண்கசிவும் தரும் ஒன்று ஆங்கிலத்தில் "யீஸ்ட்" தொற்று எனப்படும். நுரைத்துப் பொங்குதலைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்த அச்சொல்லுக்கு நம் பாடநூல்கள் தரும் "மதுவம்", மதுவை ஆக்குவது என்னும் பொருளில் அழகாகப் பொருந்துகிறது. சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பணி இனிப்பாகவே நிற்க, தடவாத முட்டியில் அதே பாளையின் நீர் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாவது மதுவத்தின் வேலையே. நோய் செய்யும் இனம் வேறு: பெரும்பாலும் கண்டிடா அல்பிக்கன்ஸ். 1923இல் பங்கசு ஆய்வாளர் பேர்க்கவுட் இட்ட "கண்டிடா" என்னும் பேரினப் பெயர், "வெண்மையான" என்று பொருள்படும் இலத்தீன் சொல். தூய வெள்ளாடை உடுத்து வாக்குக் கேட்ட உரோமரால் வேட்பாளருக்குரிய "கண்டிடேற்" என்னும் ஆங்கிலச் சொல்லும் அவ்வேரிலிருந்தே பிறந்தது.

ஆகவே "யோனி மதுவத் தொற்று" என்பதே என் தெரிவு. மதுவமும் ஒரு பங்கசே என்பதால் "பங்கசுத் தொற்று" பிழையன்று, ஆனால் தேமலையும் படர்தாமரையையும் உள்ளடக்குமளவு அகன்றது. மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மண்ணில், இச்சொல்லைச் சொல்ல நாம் கூசவேண்டியதில்லை.

பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வரும் இத்தொற்று, ஒழுக்கத்தையோ சுத்தக்குறைவையோ காட்டுவதன்று. பாலியல் நோயாகவும் அது வகுக்கப்படுவதில்லை. யோனியில் இயல்பாகவே சிறிதளவு வாழும் மதுவம், நுண்ணுயிர் எதிரி மருந்துகள் நல்ல பற்றீரியாக்களை அழிக்கும்போதும், கர்ப்ப காலத்திலும், நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதபோதும் பெருகுகிறது. கடும் அரிப்பு, எரிவு, தயிர்த்திரள் போன்ற மணமற்ற வெண்கசிவு ஆகியன அதன் அடையாளங்கள். மீன் நாற்றமோ பச்சை நிறமோ இருந்தால் காரணம் வேறாகலாம். அதற்கு மருந்தும் வேறு. கர்ப்பிணிகள் மதுவத் தொற்றுக்கான புளுகொனசோல் மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. அவர்களுக்குக் யோனியுள் வைக்கும் குளோற்றிமசோல் போன்ற மருந்தையே மருத்துவர் ஏழு நாளுக்கு எழுதுவார்.