எமோஷன்: உணர்ச்சியா, மெய்ப்பாடா?

எமோஷன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'எ' என்றால் வெளியே, 'மோவேரே' என்றால் அசைத்தல். பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது கலகம், மக்கள் கொந்தளிப்பு என்ற பொருளும் அதற்கு இருந்தது. மனசுக்குள் நடப்பதைக் குறிக்கும் பொதுச்சொல்லாக நிலைத்தது 19ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் உணர்ச்சி என்கிறோம். உணர்வு அதைவிட அகலமானது. பசியுணர்வு, தொடுவுணர்வு எல்லாம் அதில் அடங்கும். உளவியல் பாடநூல்களில் வரும் மனவெழுச்சி லத்தீன் வேருக்கு நெருக்கம். அன்றாடத்துக்கு உணர்ச்சியே போதும். ஆனால் பண்பாட்டுப் பரிணாமம், அதாவது ஓர் உயிர் கற்றது மற்ற உயிர்களுக்கும் அடுத்த தலைமுறைக்கும் பரவுவது பற்றி எழுதும்போது இந்த மூன்றும் எனக்குப் போதவில்லை.

2006இல் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தில் காட்டுயிர் ஆய்வாளர் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் குகைமனித முகமூடி அணிந்து ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அப்புறம் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் கூடின. இறக்கையையும் வாலையும் வெடுக்வெடுக்கென்று அசைத்து, உடலை முன்னால் நீட்டிக் கரகரவென்று கத்தின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்துகொண்டன. பெற்றோர் கத்துவதைப் பார்த்து வளர்ந்த குஞ்சுகள், தமக்கு ஒரு தீங்கும் நேராமலே அந்த முகத்தைப் பகைக்கக் கற்றன. அடுத்த ஐந்தாண்டுகளில் கத்தும் காக்கைகள் பெருகவே செய்தன.

தாயின் உள்ளே இருக்கும் பயத்தைக் குஞ்சு பார்க்க முடியாது. உடம்பில் தெரிவதைத்தான் பார்க்கும். 1872இல் டார்வின் மனிதரிடமும் விலங்குகளிடமும் ஆராய்ந்ததும் இந்த வெளிப்பாட்டைத்தான்.

இதற்குத் தொல்காப்பியத்திலேயே சொல் இருக்கிறது: மெய்ப்பாடு. மெய் என்றால் உடல். பாடு என்றால் தோன்றுதல். உள்ளத்தில் நிகழ்வது பிறருக்குப் புலப்படும்படி வெளிப்படுவது என்று பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரைகாரர் விளக்குகிறார். நகை, அழுகை, இளிவரல் (அருவருப்பு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு. செய்யுளுக்காகச் சொன்ன இலக்கணம்தான், சரி. ஆனாலும் ஓர் உயிரின் உணர்ச்சி இன்னோர் உயிருக்குப் போய்ச் சேரும் இடத்தில் மெய்ப்பாடு என்றே எழுதலாம் என்பது என் துணிபு.

எட்டில் இளிவரலை மட்டும் வீட்டில் கவனித்துப் பாருங்கள். தவழும் குழந்தை தரையில் கிடந்த எதையோ எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறது. அம்மா மூக்கைச் சுருக்கி, "ச்சீ!" என்கிறாள். குழந்தை கையை நிறுத்தி அவள் முகத்தையே பார்க்கிறது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக் கூடாது என்ற பாடம் அந்த முகத்தில்தான் இருக்கிறது.